பொருள்: மறு: ஷட்டவுன் ஆன பின்னும் ஓடும் மின்சாரத்துக்கு என்ன சொல்?

குழுமத்தாருக்கு வணக்கம். நம் கணினி உதவிப்பக்கத்துக்காகத் தேடும் சொல் பற்றி: ஷட்டவுன் செய்த பின்னும் கணினிக்குள் கொஞ்சம் மின்சாரம் ஓடுகிறதே, அதற்கு.

> கசிவு மின்சாரம் என்றே வைத்துவிடலாமே. எளிது, எல்லோருக்கும் புரியும்.

புரியும், தப்பாகப் புரியும். மின்கசிவு என்றால் செய்தித்தாள் படிப்பவருக்குத் தீ விபத்துதான் நினைவுக்கு வரும். இங்கே எதுவும் கசியவில்லை, தெரிந்தேதான் கொடுக்கிறார்கள். 1995இல் ஏடிஎக்ஸ் என்ற மேசைக்கணினி வடிவமைப்பு வருவதற்கு முன்பு, மேசைக்கணினியின் சுவிட்ச் உள்ளே வரும் மின்சாரத்தையே வெட்டியது. அணைத்தால் அணைந்தது. ஏடிஎக்ஸில் முகப்புப் பொத்தான் மதர்போர்டுக்குச் சைகை மட்டும் காட்டுகிறது. அந்தச் சைகையைக் கவனிக்க உள்ளே ஏதாவது விழித்திருக்க வேண்டுமே! அதற்காகத்தான் பவர் சப்ளை ஓர் ஊதாக் கம்பியில் எந்நேரமும் 5 வோல்ட் அனுப்பிக்கொண்டிருக்கிறது. மதர்போர்டில் செருகும் 24 முள் இணைப்பியில் அது 9ஆம் முள். சுட்டியும் விசைப்பலகையும் இரவெல்லாம் மினுக்குவது பெரும்பாலும் இதன் தயவில்தான். 12 வோல்ட்டில் எரியும் விளக்குப்பட்டைகள் அணைந்துபோக, 5 வோல்ட் பட்டைகள் மட்டும் சில மதர்போர்டுகளில் அணையாமல் அடம்பிடிப்பதும் இதனால்தான்.

> பேய் மின்சாரம்?

ஆங்கிலத்தில் இதை ஃபாண்டம் பவர் என்கிறார்கள்; அந்தப் பேய் ஒளிந்திருந்து திருடும். தமிழ்ப் பேய்க்கு அவ்வளவு அடக்கம் கிடையாது. பேய்மழை, பேய்க்காற்று என்று சொல்லிப் பழகியவர்களிடம் பேய்மின்சாரம் என்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஓடிவிடுவார்கள். பேசுவதோ ஒரு வாட், அரை வாட் சமாசாரம்.

காத்திருப்பு மின்சாரம் என்று ஏற்கெனவே சிலர் எழுதுகிறார்கள், தெரியும். ஆனால் காத்திருப்பது கணினி. மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எச்சமின் என்ற சொல்லும் வந்தது. அது நல்ல சொல், இடம்தான் வேறு. என் பெட்டியின் பின்பக்க வயரைப் பிடுங்கிப் பார்த்தேன். மதர்போர்டின் சின்ன விளக்கு உடனே அணையவில்லை, சில நொடி எரிந்தது. பிறகு பவர் பொத்தானை அழுத்தினேன்: விசிறி அரைச்சுற்று துடித்தது, விளக்கு செத்தது. மின்தேக்கியில் தேங்கி நின்ற அந்த மிச்சத்துக்கு வேண்டுமானால் எச்சமின் என்று சொல்லுங்கள். வயர் செருகியிருக்கும் வரை ஓயாமல் வந்துகொண்டிருப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

என் பரிந்துரை: தங்குமின். வினைத்தொகை. தங்கிய, தங்குகின்ற, தங்கும் மின் என்று மூன்று காலத்துக்கும் சரியாக வரும். மற்றதெல்லாம் போன பின்னும் தங்குவது.

———

மறு: ஷட்டவுன் ஆன பின்னும் ஓடும் மின்சாரத்துக்கு என்ன சொல்?

ஐயா, வம்மின், கேண்மின், தங்குமின்! அடியேனும் இரவு தங்கிக்கொள்ளலாமா?

விளையாட்டு இருக்கட்டும். சொல்லைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. எதற்குப் பின் தங்குவது? 2012இல் வந்த விண்டோஸ் 8 தொட்டு, வேகத் தொடக்கம் (ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்) இயங்கும் கணினியில் ஷட்டவுன் சொடுக்கினால், இயங்குதளத்தின் மையமான கெர்னல் வட்டில் எழுதப்பட்டு, கணினி எஸ்4 என்ற ஆழ்துயிலுக்குப் போகிறது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு சொடுக்கினால்தான் எஸ்5, அதாவது முழு நிறுத்தம். நாம் இரண்டையும் ‘அணைத்தல்’ என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம். கணினி கிளம்பும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில் எஸ்5 நிலைக்கான விளக்கை நிறுத்திய ஒருவர், எஸ்4இல் இருக்கும் கணினியைப் பார்த்து, “விளக்கு இன்னும் எரிகிறது, உங்கள் உதவிப்பக்கம் பொய்” என்று எழுதினால் என்ன பதில் சொல்வது?

———

மறு: மறு: ஷட்டவுன் ஆன பின்னும் ஓடும் மின்சாரத்துக்கு என்ன சொல்?

தங்கலாம், மதர்போர்டு அனுமதித்தால்.

வாருங்கள், கேளுங்கள் என்பதைப் பழந்தமிழில் வம்மின், கேண்மின் என்பார்கள்; அந்த ஏவல் பன்மை வாடை எனக்கும் அடித்தது. அப்படியானால் தங்குமின்சாரம் என்று முழுதாகவே எழுதுவோம். மூன்று எழுத்து கூடுகிறது, குழப்பம் தீர்கிறது.

எஸ்4 பற்றிச் சொன்னது சரி, நான் யோசிக்கவில்லை. அணைத்தல் என்ற சொல்லைப் பொதுப்பேச்சுக்கு விட்டுவிடலாம். உதவிப்பக்கத்தில் எஸ்4 துயில்நிறுத்தம், எஸ்5 நிறுத்தம், வயரைப் பிடுங்குவது அல்லது பவர் சப்ளையின் பின்சுவிட்சைத் தட்டுவது துண்டிப்பு. ‘மின் துண்டிப்பு’ என்றால் என்ன என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஈஆர்பி (ErP) என்ற பயாஸ் அமைப்பின் பெயரைத் தமிழாக்க வேண்டாம். திரையில் தேடுபவருக்கு அது அப்படியே கிடைக்க வேண்டும். விளக்கத்தை மட்டும் தமிழில் கொடுப்போம். வரைவு இது:

“ஈஆர்பி: ஐரோப்பிய ஒன்றியத்தின் 1275/2008 விதி, அணைந்த கருவி இழுக்கும் மின்சாரத்துக்கு 2010இல் 1 வாட், 2013இல் 0.5 வாட் என்று வரம்பு வைத்தது. இந்த அமைப்பை இயக்கினால் நிறுத்தத்தின்போது யூஎஸ்பிக்கும் விளக்குகளுக்கும் போகும் தங்குமின்சாரம் நிற்கும். பவர் பொத்தான் வேலை செய்யும். விசைப்பலகையைத் தட்டியோ வலையமைப்பு வழியாகவோ கணினியை எழுப்ப முடியாது. அணைந்த கணினியில் செல்பேசியைச் செருகினால் சார்ஜ் ஏறாது.”

கடைசி வரியைப் பெரிய எழுத்தில் போடச் சொல்வேன். இதை இயக்கிவிட்டு, செல்பேசி வயர் கெட்டுவிட்டதென்று புது வயர் வாங்கிய புத்திசாலி நான்தான்.

துயில்நிறுத்தத்துக்கு வேறு சொல் இருந்தால் எழுதுங்கள், அது எனக்கே அரைமனதுதான்.