பெரிய வீட்டுக் குழு: யாழினியின் மேற்படிப்பு

யாழினி: இரண்டு இடத்தில் சேர்க்கை கிடைத்துவிட்டது! ஒன்று உளவியல் எம்.ஏ., 36 கிரெடிட், ஆன்லைன். இன்னொன்று கிளினிக்கல் மென்டல் ஹெல்த் கவுன்சலிங், 60 கிரெடிட். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டும்.

கோவை மாமா: ரொம்ப சந்தோஷம் கண்ணு. முதலாவது சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. அதையே எடுத்துக்கொள்ளேன். இரண்டும் மனசைப் பற்றிய படிப்புதானே?

ஹூஸ்டன் சித்தி: அண்ணா, கொஞ்சம் பொறுங்கள். யாழினி, உனக்கு ஆராய்ச்சியில் ஆசையா, கவுன்சலராக ஆட்களைப் பார்க்க ஆசையா?

யாழினி: கவுன்சலர்தான் சித்தி. இங்கே டெக்சாஸிலேயே.

ஹூஸ்டன் சித்தி: அப்படியானால் அந்த 36 கிரெடிட் வேண்டாம். இங்கே கவுன்சலராக வேலை பார்க்கத் தேவையான எல்பிசி என்ற மாநில உரிமத்துக்குக் கவுன்சலிங் சார்ந்த முதுகலையில் 60 கிரெடிட் கேட்கிறார்கள். நான் முதலில் முடித்தது இதே மாதிரி ஒரு எம்.ஏ.தான். சேரும்போது யாரும் சொல்லவில்லை. பட்டம் வாங்கிய பிறகுதான், அதை வைத்து உரிமத்துக்கு விண்ணப்பமே போட முடியாது என்று தெரிந்தது. மறுபடி முதலிலிருந்து படித்தேன். உன் சித்தப்பா இரண்டு வேலை பார்த்தது அப்போதுதான்.

யாழினி அம்மா: அந்த வருஷம் நீ போனில் அவ்வளவு அழுதது இதற்குத்தானா? எங்களிடம் சொல்லவே இல்லையே.

கோவை மாமா: சரி, 60 முடித்தால் உரிமம் வந்துவிடுமா?

ஹூஸ்டன் சித்தி: இல்லை அண்ணா. காக்ரெப் என்பது கவுன்சலிங் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு. அந்த அங்கீகாரம் உள்ள படிப்பென்றால் படிக்கும்போதே பிராக்டிகம் என்ற ஆரம்பப் பயிற்சி 100 மணி நேரம், இன்டர்ன்ஷிப் 600 மணி நேரம். தேர்வும் எழுத வேண்டும். அப்புறம் அசோசியேட்டாக, அதாவது பயிற்சி நிலைக் கவுன்சலராக, ஒரு சூப்பர்வைசரின் கீழ் 3000 மணி நேரம். அதில் 1500 மணி நேரம் நேரடியாக ஆட்களைப் பார்த்திருக்க வேண்டும். எவ்வளவு வேகமாகச் செய்தாலும் 18 மாதத்துக்குக் குறையாது. சூப்பர்வைசருக்கு நான் கைக்காசுதான் கொடுத்தேன். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டி: ஆறுதலாக நாலு வார்த்தை சொல்ல இத்தனை கெடுபிடியா?

ஹூஸ்டன் சித்தி: ஆறுதல் நீங்களே நன்றாகச் சொல்வீர்கள் அம்மா. ஆனால் "எனக்கு உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை" என்று எதிரில் இருப்பவர் சொன்னால், அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். முதல் தடவை எனக்குக் கை நடுங்கியது. பக்கத்து அறையில் சூப்பர்வைசர் இருந்தார். அதற்குத்தான் இத்தனை மணி நேரம்.

யாழினி அம்மா: எம்எஸ்டபிள்யூ என்ற சமூகப் பணி முதுகலை படித்தாலும் இந்த வேலை பார்க்கலாம் என்று கோயிலில் ஒருவர் சொன்னார்.

ஹூஸ்டன் சித்தி: உண்மைதான் அக்கா. எல்சிஎஸ்டபிள்யூ என்ற கிளினிக்கல் சமூகப் பணியாளர் உரிமம் வரை போனால் அவர்களும் சிகிச்சை தரலாம். முக்கியமாக முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் அவர்களுக்கு முன்பிருந்தே பணம் தருகிறது, கவுன்சலர்களான எங்களுக்கு 2024 ஜனவரியிலிருந்துதான். மருத்துவமனை, சமூகப் பணி என்று ஆர்வம் இருந்தால் நல்ல வழி.

யாழினி: எனக்குக் கவுன்சலிங்தான் சித்தி. பின்னால் வேறு மாநிலம் போனால்?

ஹூஸ்டன் சித்தி: அந்த மாநிலத்தின் விதியைப் பார்க்க வேண்டும். சில இடங்களில் காக்ரெப் பட்டம்தான் வேண்டும் என்பார்கள். கல்லூரி சொல்வதோடு விடாதே, காக்ரெப் தளத்திலேயே தேடிப் பார்.

யாழினி: பார்த்துவிட்டேன், 60 கிரெடிட் படிப்பு அதில் இருக்கிறது!

ஹூஸ்டன் சித்தி: அப்பாடா. இன்டர்ன்ஷிப் இடத்தை அவர்களே பிடித்துத் தருவார்களா, நீ அலைய வேண்டுமா? பணம் கட்டும் முன்பே எழுத்தில் பதில் வாங்கு.

கோவை மாமா: முன்பணம் என் பொறுப்பு கண்ணு.

யாழினி: நன்றி மாமா. இப்போதே மெயில் போடுகிறேன், பதில் வந்ததும் இங்கே பகிர்கிறேன்.