கிட்கேட்டில் (ஆண்ட்ராய்டு 4.4) டூல்பார் நிழல்: உங்களுக்கு எப்படி வந்தது?

தட்டைபார்
ஆப்பின் மேல்பட்டையான டூல்பாருக்கு எலிவேஷன் (நிழல் விழவைக்கும் உயரம்) 4டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு). ஆண்ட்ராய்டு 5.1-இல் நிழல் அழகாக விழுகிறது, அதே ஏபிகே (ஆப் கோப்பு) 4.4-இல் வெறும் தட்டை. டூல்பாரும் வெள்ளை, பட்டியலும் வெள்ளை. ஸ்க்ரோல் செய்தால் ஒரு வரியின் மேல்பாதி காணாமல் போய், எழுத்துகளின் கீழ்ப்பாதி மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. அந்தக் காட்சி கண்ணை விட்டுப் போகவே இல்லை. எலிவேஷன் வந்ததே ஏபிஐ 21-இல்தான், அதாவது ஆண்ட்ராய்டு 5.0-இல். பழைய பதிப்புகளுக்கான உதவி கிளாஸ் வியூகம்பேட் வழியாகக் கொடுத்தாலும் அதற்குக் கீழே ஒன்றும் நடக்காது, எரரும் வராது.

தீர்ந்தது இப்படி: டூல்பாருக்குக் கீழே ஒரு ஃபிரேம்லேஅவுட் (வியூக்களை, அதாவது திரை உறுப்புகளை, ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் பெட்டி), உள்ளடக்கம் அதற்குள், அதன் ஃபோர்கிரவுண்டுக்கு (உள்ளடக்கத்துக்கு மேல் வரையப்படும் அடுக்கு) தீமில் இருக்கும் விண்டோகன்டென்ட்ஓவர்லே என்ற நிழல் படம். பழைய ஹோலோ தீமின் ஆக்‌ஷன்பாரின் நிழலும் அங்கிருந்து வந்ததுதான். 5.0-இல் வந்த மெட்டீரியல் தீமில் அது காலி என்பதால் 5.0-க்கு மேல் நிழல் இரட்டிக்காது.

அரைவரி
அதையே வியூக்களை வரிசையாக அடுக்கும் லீனியர்லேஅவுட்டில் கொடுத்துப் பார்த்தால் எதுவுமே தெரியாது. எல்லா வியூவுக்கும் ஃபோர்கிரவுண்ட் கிடைத்தது ஏபிஐ 23-இல் (ஆண்ட்ராய்டு 6.0). அதற்கு முன் ஃபிரேம்லேஅவுட்டுக்கு மட்டும்தான். இன்னொன்று, 4.3-இல் இந்த ஓவர்லே வேலை செய்யாது. தெரிந்த பக்.

270டிகிரி
மேலே சொன்னதில் பாதிதான் சரி. 4.3-இல் பக் இருந்தது சிஸ்டம் ஆக்‌ஷன்பாருக்கு அடியில் ஓவர்லேயை வரையும் இடத்தில். நாமே ஃபோர்கிரவுண்டாக எடுத்து வைத்தால் அந்த வழியே குறுக்கிடாது.

ஆனாலும் ஓவர்லேயை நம்புவதைவிடச் சொந்த நிழலே மேல், அடர்த்தி நம் கையில் இருக்கும். ஒரு ஷேப் டிராயபிள், அதாவது எக்ஸ்எம்எல்லில் எழுதும் படம். கிரேடியன்ட் ஆங்கிள் 270, தொடக்க நிறம் #33000000, முடிவு #00000000. முதல் இரண்டு இலக்கமான 33 என்பது 20 சதவீதக் கறுப்பு. வெள்ளைப் பின்னணிக்கு அது போதும், 66 வைத்தால் அழுக்குக் கோடு மாதிரி இருக்கும். ஆங்கிளை 90 என்று போட்டால் நிழல் தலைகீழாகும். 45-இன் மடங்காக இல்லாவிட்டால் அந்த எக்ஸ்எம்எல்லை ஏற்றும்போதே ஆப் விழுந்துவிடும்.

இதை 4டிபி உயர வியூவுக்குப் பின்னணியாக வையுங்கள். பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். லீனியர்லேஅவுட்டில் வைத்தால் அந்த 4டிபி தனி இடம் பிடிக்கும். பட்டியல் நிழலுக்கு அடியில் போகாமல் அதற்குக் கீழே வெட்டுப்படும், நடுவில் விண்டோ பின்னணி ஒரு பட்டையாகத் தெரியும். வியூக்கள் ஒன்றன்மேல் ஒன்று வரக்கூடிய ரிலேட்டிவ்லேஅவுட் எடுத்து, பட்டியல், நிழல் இரண்டையும் டூல்பாருக்குக் கீழே கட்டி, நிழல் வியூவைக் கடைசியாக எழுதுங்கள். 21-க்குக் கீழே எழுதிய வரிசைதான் அடுக்கு வரிசை.

5.0-இல் இரண்டு நிழல் சேர்ந்து கருக்காமலிருக்க, நிழல் வியூவின் உயரத்தை டைமென்னில் (அளவுகளுக்கான ரிசோர்ஸ்) வைத்து, ஏபிஐ 21 முதல் எடுக்கப்படும் வேல்யூஸ்-வி21 ஃபோல்டரில் 0டிபி ஆக்கினால் போதும். ஜாவாவில் இஃப் போட்டு வெர்ஷன் பார்க்கும் வேலை வேண்டாம், தயவு செய்து.

கார்டுக்குள்
நிழலோடு வரும் பெட்டியான கார்டுவியூவுக்குள் டூல்பாரைப் போட்டால் 4.4-இலும் நிழல் வரும், உண்மைதான். ஆனால் பழைய கருவிகளில் அது நிழலுக்கான இடத்தைத் தன் உள்ளேயே எடுத்துக்கொள்ளும். எலிவேஷன் 4டிபி, மூலை வளைவு 0 என்றால் பக்கத்துக்கு 4டிபி, மேலும் கீழும் 6டிபி. டூல்பார் திரையோரத்தைத் தொடாமல் தீப்பெட்டி மாதிரி நடுவில் நிற்கும். நெகட்டிவ் மார்ஜின் வைத்து இழுக்கலாம், ஒட்டுப்போட்ட வேலை. டூல்பாரைச் சுற்றி வைக்கும் ஆப்பார்லேஅவுட்டை நம்பியும் பயனில்லை, 21-க்குக் கீழே அதற்கும் நிழல் கிடையாது.

மின்எஸ்டிகே21
இன்னும் எதற்கு 4.4? மின்எஸ்டிகேயை (ஆப் ஓடும் குறைந்தபட்ச ஏபிஐ) 21 ஆக்கிவிட்டால் இந்தத் திரியே வேண்டாமே.

தட்டைபார்
21 ஆக்கினாலும் தப்பிக்க முடியாது. டூல்பாரை அதே உயரமுள்ள இன்னொரு லேஅவுட்டுக்குள் பொதிந்து வைத்தால், 5.0-இலும் நிழல் அந்த வெளி லேஅவுட்டின் விளிம்போடு வெட்டுப்பட்டுவிடும். எலிவேஷனை வெளி லேஅவுட்டுக்கு மாற்றி, அதற்கு ஒரு பின்னணி நிறமும் கொடுக்க வேண்டும். பின்னணி இல்லாத வியூவுக்கு 40டிபி கொடுத்தாலும் நிழல் விழாது.