ரிலேட்டிவ் பெர்ஃபார்மன்ஸ்: ‘ஒப்போட்டம்’ என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். வீடியோ தொடர்பான ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடிப் போன வாரம் தொடங்கிய இந்த இழையை நேற்று இரவுதான் முழுதாகப் படித்தேன். ஒரு வீடியோ மற்ற வீடியோக்களோடு ஒப்பிட்டால் எப்படி இருக்கிறது என்று காட்டும் ‘ரிலேட்டிவ் பெர்ஃபார்மன்ஸ்’ என்பதற்கு இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: சார்புச் செயல்திறன், ஒப்பீட்டுச் செயல்திறன், உறழளவு (உறழ்தல் என்றால் ஏற்றத்தாழ்வு காண ஒப்பிடுவது). மூன்றிலும் எனக்கு ஒரே குறைதான். எதோடு ஒப்பிட்ட அளவு என்பதை எந்தச் சொல்லும் சொல்லவில்லை. இந்த எண்ணைப் பார்த்து அடுத்து என்ன வீடியோ எடுக்கலாம் என்று முடிவு செய்பவருக்கு முதலில் தெரியவேண்டியதே அதுதான்.

எங்கள் அத்தை திண்டுக்கல்லில் தையல் கடை வைத்திருக்கிறார். சில வருடங்களாக யூடியூபில் பிளவுஸ் கட்டிங் வீடியோக்களும் போடுகிறார். படம் பிடிப்பது அவர் மகள். எண்களைப் பார்த்துச் சொல்வது நான். இரண்டு மாதத்துக்கு முன் கட்டோரி பிளவுஸ் வெட்டுவதை 14 நிமிட வீடியோவாகப் போட்டோம். வீடியோ போடுபவர்கள் எண்களைப் பார்க்கும் யூடியூப் ஸ்டூடியோவைத் திறந்தால், பார்வை எண்ணிக்கையில் எங்கள் கடைசிப் பத்து வீடியோக்களில் எட்டாவது இடம் என்று காட்டியது. அத்தையின் முகம் வாடிவிட்டது. “இனிமே கட்டோரியே வேண்டாம்ப்பா, புடவைக்கு ஃபால் அடிக்கிறதையே போடுவோம். அதுதான் ஓடுது” என்றார்.

நான் அதே வீடியோவின் இன்னொரு வரைபடத்தைத் திறந்தேன். பார்க்க வந்தவர்கள் எதுவரை நிற்கிறார்கள் என்பதை, அதே நீளமுள்ள மற்ற யூடியூப் வீடியோக்களோடு ஒப்பிட்டுக் காட்டும் படம் அது. அதில் எங்கள் கோடு பெரும்பாலும் நடுக்கோட்டுக்கு மேலேயே ஓடியது. அத்தை துணியை நான்காக மடித்து, சாக்பீஸால் கைக்குழி வளைவைப் போடும் இடத்தில் ஒரு மேடு. அங்கே பலர் பின்னுக்கு இழுத்துத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள்.

ஒரே வீடியோ. ஓர் அளவு மோசம் என்கிறது, இன்னொன்று பிரமாதம் என்கிறது. ஆங்கிலத்தில் இரண்டும் ‘ரிலேட்டிவ்’தான். அத்தைக்கு விளக்க என்னிடம் தமிழில் சொல் இல்லை. “அது நம்ம பழைய வீடியோக்களோட வெச்சுப் பார்த்தது அத்தை, இது ஊர் உலகத்து வீடியோக்களோட வெச்சுப் பார்த்தது” என்று இழுத்தேன். அவர் சட்டென்று சொன்னார்: “அளவு பிளவுஸ் வெச்சு அளக்கிறதுக்கும் ரெடிமேட் சைஸ் பார்த்து வாங்குறதுக்கும் உள்ள வித்தியாசம்தானே?”

அதேதான். தைக்கக் கொடுக்கும்போது தனக்குப் பொருந்திய பழைய பிளவுஸ் ஒன்றைக் கொடுத்து “இதே அளவுக்குத் தைங்க” என்பார்கள். அது தன்னோடு தன்னை ஒப்பிடுவது. 36, 38 என்று கடையில் எடுப்பது ஊரோடு தன்னை ஒப்பிடுவது. நமக்கு வேண்டிய இரண்டு சொற்களும் இங்கேயே இருக்கின்றன. தன்வினை, பிறவினை என்று இலக்கணம் ஏற்கெனவே வழி போட்டு வைத்திருக்கிறது. அதே வழியில் தன்னொப்பு, பிறவொப்பு என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் பரிந்துரை.

சரி, பொதுச்சொல்லுக்கு வருகிறேன். ‘செயல்திறன்’ இங்கே பொருந்தாது என்று நினைக்கிறேன். திறன் என்பது ஒருவரிடம் அல்லது ஒரு பொருளிடம் உள்ள ஆற்றல். தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூலில் வாட் கணக்கில் அளப்பதற்கும் திறன் என்றுதான் பெயர். ஒரு வீடியோ வெளியான பிறகு அதற்கு நேர்ந்ததைத் திறன் என்றால், பார்வை குறைந்த வீடியோவைத் திறனற்றது என்று சொல்வதாகிவிடும். அத்தையின் வருத்தமே அங்கிருந்துதான் வந்தது. ஆனால் இதற்கு நம் மக்களிடம் நல்ல சொல் இருக்கிறது. படம் ஓடியது, ஓடவில்லை, நூறு நாள் ஓடியது என்கிறோம். அத்தையும் “அதுதான் ஓடுது” என்றுதான் சொன்னார். ஆகவே பெர்ஃபார்மன்ஸ் என்பதற்கு இந்த இடத்தில் ‘ஓட்டம்’ போதும். ஒப்பிட்டுப் பார்த்த ஓட்டம் ஒப்போட்டம். முன்னோட்டம், வெள்ளோட்டம் ஆகியவற்றோடு சேர்ந்து உட்காரும் சொல். பள்ளியில் ‘ரிலேட்டிவ் டென்சிட்டி’யை ஒப்படர்த்தி என்று படித்தவர்களுக்குப் புணர்ச்சியும் புதிதாக இருக்காது.

இழையில் ஓர் அக்கா கேட்டிருந்தார்: சார்புத் திசைவேகம் (ரிலேட்டிவ் வெலாசிட்டி) என்று ஏற்கெனவே இருக்க, புதுச்சொல் எதற்கு?

நியாயமான கேள்வி அக்கா. ஆனால் கணக்குப் பாடத்தில் ஃபங்ஷனுக்கும் சார்பு என்றே பெயர். பேச்சில் சார்பு என்றால் ஒருபக்கச் சாய்வு. ‘சார்பு அளவீடு’ என்று எழுதினால், நடுநிலை தவறிய அளவீடு என்று படிப்பவர்கள் இருப்பார்கள். ஈழத்தில் சாரடர்த்தி (ஒப்படர்த்தி), சாரீரப்பதன் (ரிலேட்டிவ் ஹ்யுமிடிட்டி) என்று ‘சார்’ நன்றாக வேரூன்றியிருக்கிறது என்பதும் தெரியும். அங்கிருக்கும் நண்பர்கள் ‘சாரோட்டம்’ என்று எழுத விரும்பினால் எனக்கு மறுப்பில்லை. தன்னொப்பு, பிறவொப்பு என்ற பிரிவு மட்டும் கைவிடப்படக் கூடாது.

ஐயா ஒருவர் எழுதியிருந்தார்: ஐந்தாம் வேற்றுமையின் ‘இன்’ உருபில் உறழ்பொரு என்று தனியே உண்டு. ‘இதனின் இது பெரிது’ என்பது ஒப்பு அல்ல, உறழ்வு.

ஐயா, இது மிகச் சரியான கருத்து. ஒப்பு என்றால் சமம் என்ற பொருளும் வருகிறது, நாமோ ஏற்றத்தாழ்வை அளக்கிறோம். ஆனாலும் ‘உறழ்’ இன்று புழக்கத்தில் இல்லை. அத்தையிடம் உறழளவு என்றேன், “ஊறல் அளவா?” என்று கேட்டார். ‘ஒப்பிட்டுப் பார்’ என்பதை எல்லோரும் வேறுபாடு காண்பதற்கும் சேர்த்தே சொல்கிறார்கள். பயன்படுத்துபவரின் வாயில் நிற்கும் சொல்லுக்கே என் வாக்கு.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் இடம்: இந்தச் சொற்களுக்கு நாம் எழுதப்போகும் விளக்கம். அதில் சில செய்திகள் கட்டாயம் இருக்கவேண்டும்.

பிறவொப்பை யூடியூப் நிரலாளர்களுக்கு 0 முதல் 1 வரையிலான எண்ணாகத் தருகிறது. வீடியோவை நூறு கூறாக்கி, ஒவ்வொரு கூறுக்கும் ஓர் எண். 0.5 என்றால், ஒத்த நீளமுள்ள வீடியோக்களில் பாதி இதைவிட நன்றாக ஆட்களை நிறுத்துகின்றன, பாதி இதைவிடக் குறைவாக. அதாவது அது சராசரி அல்ல, வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடைநிலை அளவு (மீடியன்). அப்புறம், ‘ஒத்த’ என்பது நீளத்தில் மட்டும்தான். 14 நிமிடத் தையல் வீடியோ 14 நிமிட நகைச்சுவை வீடியோவோடும் செய்தி வீடியோவோடும் ஒரே தட்டில் வைக்கப்படுகிறது. இது தெரியாமல் பிறவொப்பு குறைந்ததென்று ஒரு தொடரையே நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

தன்னொப்பில் வேறு சிக்கல். வெளியாகி இத்தனை மணி நேரத்தில், இத்தனை நாளில் என்று ஒரே கால அளவை வைத்துத்தான் பழைய வீடியோக்களோடு ஒப்பிடுகிறது. அது நல்ல முறைதான். ஆனால் தீபாவளிக்கு முந்தின வாரம் போட்ட வீடியோக்கள் அந்தப் பத்துக்குள் இருந்தால், கார்த்திகையில் போடுவதெல்லாம் பின்தங்கித் தெரியும். அளவு பிளவுஸே துவைத்துச் சுருங்கியிருந்தால் புதுசு எப்படிச் சரியாக வரும்? இன்னொன்றும் உண்டு. 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸுக்குப் பார்வை எண்ணும் முறையையே யூடியூப் மாற்றியது. இப்போது ஓடத் தொடங்கினாலே, திரும்ப ஓடினாலும், ஒரு பார்வை. பழைய கணக்கு வேறு பெயரில் தனியாகக் கிடைக்கிறது. அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள ஷார்ட்ஸ்களைப் பார்வை எண்ணிக்கையால் தன்னொப்பு செய்தால் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை.

ஒப்பிடாத வெற்று எண்ணை மட்டும் நம்பலாமா என்றால், அதுவும் எப்போதும் முடியாது. 2016இல் ஃபேஸ்புக், மூன்று விநாடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களை வகுக்கும் எண்ணில் சேர்க்காமல் விட்டு, சராசரிப் பார்வை நேரத்தை 60 முதல் 80 விழுக்காடு வரை கூட்டிக் காட்டிவிட்டதாக ஒப்புக்கொண்டது. யாரை எண்ணினோம், யாரை விட்டோம் என்பது எந்த அளவிலும் ஒளிந்திருக்கிறது.

ஸ்டூடியோவில் சாம்பல் நிறத்தில் தெரியும் ‘டிபிக்கல்’ பட்டைக்கு ‘சராசரி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து அது வேண்டாம். அது ஒற்றை எண் அல்ல, வழக்கமாக இந்தக் கீழிலிருந்து இந்த மேல் வரை இருக்கும் என்ற வீச்சு. வழக்க வீச்சு என்றே சொல்லிவிடலாம்.

கட்டோரி கதையை முடித்துவிடுகிறேன். தன்னொப்பில் தாழ்வு, பிறவொப்பில் உயர்வு: இரண்டையும் சேர்த்துப் படித்தால், வந்தவர்கள் குறைவு, வந்தவர்கள் நின்றார்கள் என்று பொருள். பொருள் பிடித்திருக்கிறது, வாசல்தான் சரியில்லை. ஆகவே கட்டோரியை நிறுத்தவில்லை. தலைப்பையும் முகப்புப் படத்தையும் மாற்றினோம். ஆட்கள் திரும்பத் திரும்பப் பார்த்த அந்தக் கைக்குழி வளைவை மட்டும் ஆறு நிமிடத் தனி வீடியோவாக எடுத்திருக்கிறோம். இந்த முறை கேமராவை மேலிருந்து தொங்கவிட்டு, இன்ச் டேப்பின் எண்கள் தெரியும்படி.

இன்னும் ஒன்று பாக்கி. ‘ஆடியன்ஸ் ரிடென்ஷன்’ என்பதற்குத் ‘தக்கவைப்பு’ என்று எழுதிவருகிறோம். அது நாம் யாரையோ பிடித்து வைத்திருப்பதுபோல ஒலிக்கிறது. அத்தை கேட்பது எப்போதும் “எத்தனை பேர் கடைசி வரைக்கும் நிக்கிறாங்க?” என்றுதான். ‘நிற்போர் விகிதம்’ என்று எழுதிப் பார்த்தேன். நன்றாக இருக்கிறதா, இல்லை வேறு யாருக்காவது இதைவிடச் சுருக்கமாகத் தோன்றுகிறதா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் அந்தப் பகுதியையும் சேர்த்துத் தொகுத்துவிடுகிறேன்.

அன்புடன்