ஷேர் 5.2இலிருந்து 4.4: இதற்காக ஃபார்மேட்டையே மாற்றலாமா?

கேள்வி: மாலை ஒலிபரப்பு

உள்ளூர் வானொலி நிலையம் ஒன்றில் பாடல் தேர்வு என் பொறுப்பு. எழுபதுகள் முதல் தொண்ணூறுகள் வரையிலான ஹிட் பாடல்கள்தாம் எங்கள் ஃபார்மேட். 35 முதல் 54 வயது வரை உள்ளவர்களை மனத்தில் வைத்து நடக்கும் நிலையம். எங்கள் பகுதியில் இன்னும் டைரி முறையில்தான் ரேட்டிங் எடுக்கிறார்கள். தேர்ந்தெடுத்த நேயர்கள் எந்த நிலையத்தை எப்போது கேட்டோம் என்று ஒரு வாரத்துக்குத் தாங்களே எழுதித் தருவார்கள். சுமார் 600 டைரிகள் திரும்பி வருகின்றன.

சென்ற கணக்கெடுப்பில் 5.2 விழுக்காடாக இருந்த எங்கள் ஷேர், அதாவது ஊரில் வானொலி கேட்கும் மொத்த நேரத்தில் எங்கள் பங்கு, இந்த முறை 4.4க்கு இறங்கிவிட்டது. புதுப் பாடல்களை ஒலிபரப்பும் நிலையம் ஒன்று ஏறக்குறைய அதே அளவு ஏறியிருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த நிர்வாகம், நாமும் புதுப் பாடல்களுக்கு மாறிவிடலாம், நிலையத்தின் பெயரையும் மாற்றிவிடலாம் என்கிறது. விளம்பரப் பிரிவுக்கும் அதில் விருப்பம். மாத இறுதிக்குள் என் கருத்தை எழுதிக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் பட்டியலில் 900 பாடல்கள் இருக்கின்றன. மணிக்கு 12 பாடல்கள், மூன்று விளம்பர இடைவேளைகள். இருந்தும் "போட்டதையே போடுகிறீர்கள்" என்று தொலைபேசியில் நாள்தோறும் குறை வருகிறது. ஆலோசகர் ஒருவரோ பட்டியலை 400 ஆகக் குறைக்கச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? துறையில் இருப்பவர்கள் வழிகாட்டுங்கள்.

பதில் 1: விழுக்காடு

வானொலியில் வேலை பார்த்தவன் அல்லன், கருத்துக்கணிப்புத் துறையில் இருப்பவன். அந்த 0.8 சரிவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

600 பேர் மாதிரியில் 5.2 விழுக்காடு என்றால், எளிய கணக்கின்படி முன்னும் பின்னும் சுமார் 1.8 புள்ளி தள்ளாடும். உண்மையான ஷேர் 3.4ஆகவும் இருக்கலாம், 7ஆகவும் இருக்கலாம். இரண்டு கணக்கெடுப்புகளை ஒப்பிடும்போது தள்ளாட்டம் இன்னும் கூடும். ஏறக்குறைய 2.4 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால்தான் "ஏதோ மாறியிருக்கிறது" என்று துணிந்து சொல்ல முடியும். உங்களுக்கு வந்திருப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஷேர் என்பது ஆட்களின் விகிதம் அல்ல, கேட்ட நேரத்தின் விகிதம். வேலையிடத்தில் காலை முதல் மாலை வரை உங்கள் நிலையத்தை ஓடவிடும் ஒருவர் கையில் சென்ற முறை டைரி கிடைத்து, இந்த முறை அப்படி யாருக்கும் கிடைக்காமல் போயிருந்தால் அதுவே எண்ணை ஆட்டிவிடும். எதிர் நிலையம் ஏறியதற்கும் இதே விளக்கம் பொருந்தும். கடைசி நான்கு கணக்கெடுப்புகளின் சராசரியை எடுத்து வையுங்கள். ஒற்றை எண்ணை நம்பி ஒரு நிலையத்தைக் கலைப்பது எந்த வகையிலும் சரியில்லை.

பதில் 2: நிரல்காரர்

விழுக்காடு சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். நிகழ்ச்சிப் பிரிவில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் அதற்கு மேல் சிலவற்றைச் சொல்ல வேண்டும். இப்படி நல்ல நிலையங்கள் கலைக்கப்படுவதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

உங்கள் நிர்வாகம் ஷேர் என்ற ஒரே எண்ணைப் பார்க்கிறது. அந்த எண் இரண்டு எண்களின் பிள்ளை. ஒன்று, வாரத்தில் ஒரு முறையாவது உங்களைக் கேட்டவர்கள் எத்தனை பேர் என்பது. இதைத்தான் கியூம் என்கிறோம். மற்றொன்று, வந்தவர் சராசரியாக எவ்வளவு நேரம் தங்கினார் என்பது. முதலாவது விழுந்தால் ஊருக்கு உங்கள் மேல் நாட்டம் குறைகிறது என்று கவலைப்படலாம், ஃபார்மேட்டைப் பற்றிப் பேசலாம். இரண்டாவது விழுந்தால் வந்தவரை நீங்களே எழுப்பி அனுப்புகிறீர்கள் என்று பொருள். இரண்டு நோய்க்கும் மருந்து வேறு வேறு.

காலை 6 முதல் நள்ளிரவு வரை, ஏழு நாட்களுக்கு 126 மணி நேரம். ஒரு லட்சம் பேர் உங்களைக் கேட்கிறார்கள், ஒவ்வொருவரும் வாரம் 6 மணி நேரம் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஒரு கால் மணி நேரத்தை எடுத்தாலும் சராசரியாக 4,762 பேர் உங்களிடம் இருப்பார்கள். அதே ஒரு லட்சம் பேர் 5 மணி நேரம் கேட்டால் 3,968 பேர். ஊரில் வானொலி கேட்கும் மொத்த நேரம் மாறாத வரை, 5.2 ஷேர் 4.3க்கு இறங்கிவிடும். ஒரு நேயர்கூட உங்களை விட்டுப் போகவில்லை. நாளுக்கு ஒன்பது நிமிடம்கூடக் குறையவில்லை. உங்கள் முழுச் சரிவும் அதற்குள் அடங்கிவிடுகிறது! அந்த ஒன்பது நிமிடத்துக்காகப் பெயரையும் பாடல்களையும் தூக்கி எறிய வேண்டுமா?

ஃபார்மேட்டை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கின் டபிள்யூ.சி.பி.எஸ். எஃப்.எம்.மைப் பாருங்கள். 1972 முதல் பழைய பாடல்களுக்குப் பெயர்பெற்ற நிலையம் அது. 2005 ஜூன் 3 அன்று அதை, பல காலப் பாடல்களைக் கலந்து போடும் 'ஜாக்' என்ற ஃபார்மேட்டுக்கு மாற்றினார்கள். நேயர்கள் கொதித்தார்கள், ரேட்டிங் சரிந்தது. 2007 ஜூலை 12 அன்று பழைய அடையாளத்துக்கே திரும்பினார்கள். ஆனால் பழைய பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு திரும்பவில்லை. ஐம்பதுகளைக் குறைத்து எழுபதுகளுக்கும் எண்பதுகளுக்கும் இடம் கொடுத்தார்கள். அடையாளத்தைக் காப்பாற்றிக்கொண்டே காலத்தோடு நகர முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

டைரி முறையில் பெயரை மாற்றுவது இன்னும் ஆபத்து. டைரியில் பதிவாவது நேயர் கேட்டது மட்டுமல்ல, கேட்டதாக அவர் நினைவில் நின்றது. மாலையில் உட்கார்ந்து எழுதும்போது எந்தப் பெயர் நாக்கில் வருகிறதோ அதுதான் எழுத்தில் ஏறும். பல ஆண்டுகளாக ஊர் மனத்தில் பதிந்த பெயரை அழித்துவிட்டால், புதுப் பெயர் பதியும் வரை நீங்கள் கேட்கப்பட்டும் கணக்கில் வரமாட்டீர்கள்.

விளம்பர இடைவேளைகள் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்றை இரண்டாகக் குறைத்து, ஒன்றின் நடுவில் 15ஆம் நிமிடமும் மற்றதன் நடுவில் 45ஆம் நிமிடமும் வரும்படி, அதாவது 12 முதல் 18 வரையிலும் 42 முதல் 48 வரையிலும் வையுங்கள். ஒரு கால் மணி நேரத்தில் ஐந்து நிமிடம் கேட்டாலே அது முழுக் கால் மணியாகக் கணக்கில் சேரும் என்பது நெடுநாள் விதி. மணி தொடங்கியதும் வந்தவர் 12 நிமிடம் பாடல் கேட்டு முதல் கால் மணியைத் தந்துவிடுவார். 18க்குத் திரும்புகிறவரிடம் அடுத்த கால் மணிக்கு 12 நிமிடம் மிச்சம் இருக்கும். நேயர் கேட்பதைத் தானே பதிவு செய்யும் மீட்டர் கருவியை வைத்து அளக்கும் ஊர்களில் இது பெரிய விஷயம். (அமெரிக்காவில் ரேட்டிங் எடுக்கும் நீல்சன் நிறுவனம் மீட்டர் கணக்கில் அந்த ஐந்து நிமிடத்தை 2025 ஜனவரி முதல் மூன்றாகக் குறைத்துவிட்டது.) டைரி எழுதுகிறவர்கள் நேரத்தை அரை மணிக்கும் முழு மணிக்கும் உருட்டி எழுதிவிடுவார்கள் என்பதால் உங்களுக்குப் பலன் சற்றுக் குறைவு. ஆனாலும் இடைவேளை குறைந்தால் தங்குகிறவர் கூடுவார். லாஸ் ஏஞ்சலீஸ் கே.எச்.ஜே. வானொலி நிலையத்தில் 1965இல் நிகழ்ச்சி ஆலோசகர் பில் டிரேக் செய்ததும் இந்த வகை வேலைதான். மற்ற நிலையங்கள் மணி அடித்ததும் செய்தி வாசிக்க, அவர் செய்தியை மணி 20க்கும் 40க்கும் நகர்த்தினார். மற்றவர்கள் பேசும்போது அவரிடம் பாடல் ஓடியது.

உங்கள் அறிக்கையில் நேரப் பிரிவு வாரியான விவரம் இருக்கும். கியூம், கேட்பு நேரம் இரண்டையும் பிரித்து இங்கே எழுதுங்கள், பார்ப்போம்.

பதில் 3: பாடல் அடுக்கு

ஆலோசகரின் பக்கம் நின்று பேச நான் ஒருவனாவது வேண்டும்.

900 பாடல்கள், மணிக்கு 12 என்றால் ஒரு பாடல் திரும்ப வர 75 மணி நேரம் ஆகும். அதாவது வாரத்துக்கு இரண்டு முறைக்குச் சற்று மேல். வாரம் 5 மணி நேரம் கேட்கும் நேயர் காதில் ஒரு குறிப்பிட்ட பாடல் சராசரியாக 15 வாரத்துக்கு ஒரு முறைதான் விழும். பட்டியலை 400 ஆக்கினாலும் ஏறக்குறைய 7 வாரத்துக்கு ஒரு முறைதான். இதில் எங்கே "போட்டதையே போடுகிறீர்கள்"? பட்டியலின் அடியில் கிடக்கும் 500 பாடல்கள் யாருக்கும் பெரிதாகப் பிடித்திருக்காது. அவற்றுக்காக நல்ல பாடல்கள் காத்திருக்கின்றன. புதிதாக வரும் நேயர் அலைவரிசையைத் திருப்பும் அந்த நொடியில் ஒலிப்பது முதல்தரப் பாடலாக இருக்க வேண்டும்.

தொலைபேசியில் அழைக்கிறவர்கள் பெரும்பாலும் உங்களை நாள் முழுக்கக் கேட்பவர்கள். அவர்கள் உங்கள் சொத்து, மறுக்கவில்லை. ஆனால் அவர்களை வைத்து மட்டும் பட்டியல் போட முடியாது. பாடலின் மறக்க முடியாத பகுதியைச் சில நொடிகள் ஒலிக்கவிட்டு, இலக்கு வயதினர் சிலரிடம் மதிப்பெண் கேட்டுப் பாருங்கள். பிடிக்கவில்லை என்பது வேறு, அலுத்துவிட்டது என்பது வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அலுத்த பாடலுக்குச் சில மாதங்கள் ஓய்வு கொடுத்தால் மீண்டும் உயிர் பெறும்.

ஒரு சந்தேகம். 900 பாடல்களும் ஒரே வேகத்தில் சுழல்கின்றனவா, அல்லது அதிகம் வரும் தனிப் பிரிவு ஏதாவது உண்டா?

மாலை ஒலிபரப்பு:

மிக்க நன்றி. நிரல்காரர் ஐயா கேட்ட விவரங்களைத் தோண்டி எடுத்தேன். கியூம் குறையவே இல்லை, கொஞ்சம் ஏறியிருக்கிறது. கேட்பு நேரம்தான் குறைந்திருக்கிறது. காலை நிகழ்ச்சியிலும் மாலையிலும் ஏறக்குறைய பழைய அளவே. பகல் 10 முதல் 3 வரைதான் பள்ளம் விழுந்திருக்கிறது.

பாடல் அடுக்கு கேட்டதற்கு: ஆம், தனிப் பிரிவு உண்டு. எல்லாருக்கும் பிடித்த 48 பாடல்களை மணிக்கு இரண்டு வீதம் வரிசையாகச் சுழலவிடுகிறோம். 24 மணி நேர ஒலிபரப்பு. இந்த ஏற்பாடு சென்ற கணக்கெடுப்புக்குப் பிறகு வந்தது. இடைவேளைகளில் மாற்றம் எதுவும் இல்லை.

பதில் 4: பாடல் அடுக்கு

பிடிபட்டுவிட்டது என்று நினைக்கிறேன். 48ஐ இரண்டால் வகுத்துப் பாருங்கள், சரியாக 24 மணி நேரம். அந்தப் பாடல்கள் ஒவ்வொன்றும் நாள்தோறும் அதே மணிக்கு வருகின்றன. பகலில் வேலையிடத்தில் 11 முதல் 12 வரை கேட்பவருக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை அதே இரண்டு பாடல்கள். தொலைபேசிக்காரர்கள் சொன்னது முழு உண்மை. காலையில் கேட்பவர்களுக்கும் இதே நிலைதான், ஆனால் அங்கே பேச்சும் தகவலும் கலந்திருப்பதால் உறுத்தவில்லை. பகல் முழுக்கப் பாடல் என்பதால் அங்கேதான் உறுத்தும்.

48ஐ 47 ஆக்கினால் போதாது, நாளுக்கு அரை மணி நேரம்தான் நகரும். பட்டியலின் மேல்தட்டிலிருந்து ஏழு பாடல்களைச் சேர்த்து 55 ஆக்குங்கள். சுழற்சி இருபத்தேழரை மணி நேரமாகும். ஒவ்வொரு பாடலும் அடுத்த முறை மூன்றரை மணி நேரம் தள்ளி ஒலிக்கும். பழைய நேரத்தை ஒட்டி வர எட்டு நாள் ஆகும். பாடல் அடுக்கும் மென்பொருளில், முந்தைய நாள் ஒலித்த மணியில் அதே பாடல் வரக் கூடாது என்ற விதி இருக்கும், அதையும் இயக்கிவிடுங்கள்.

பதில் 5: நிரல்காரர்

அருமை. பாடல் அடுக்கு, இந்த இழையில் மிகப் பயனுள்ள வேலையை நீங்கள்தான் செய்திருக்கிறீர்கள். பட்டியலைக் குறைப்பது பற்றி உங்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. 35 முதல் 54 வயதினர் மறந்துபோன பாடல் ஒன்று திடீரென்று வரும்போது ஒலியைக் கூட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். 600 வரை வைத்துக்கொள்ளலாம் என்பேன். 400 வேண்டாம்.

மாலை ஒலிபரப்பு, உங்கள் அறிக்கையில் முதலில் கியூம் ஏறியிருப்பதைப் போடுங்கள். ஊர் உங்களைக் கைவிடவில்லை என்பதற்கு அந்த வரி ஒன்றே போதும். அடுத்து நான்கு கணக்கெடுப்புச் சராசரி, அதன் பிறகு பகல் நேரப் பள்ளம், அந்த 48 பாடல் சுழற்சி. சுழற்சிதான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிடாதீர்கள். விழுக்காடு சொன்னபடி சரிவே தற்செயலாக இருக்கலாம். ஆனால் சரிசெய்யச் செலவில்லாத ஒன்றைச் சரிசெய்யாமல் ஃபார்மேட்டில் கை வைப்பது எந்த நிர்வாகத்துக்கும் அழகல்ல என்று அழுத்தமாக எழுதுங்கள். புதுப் பாடல் ஃபார்மேட்டுக்கு மாறினால் ஏற்கெனவே அங்கே வேரூன்றிய நிலையத்தோடு இரண்டாமிடத்துக்குப் போட்டியிட வேண்டும். இப்போது நீங்கள் நிற்கும் இடத்தில் வேறு யாராவது வந்து உட்கார்ந்துகொள்வார்கள். இதை விளம்பரப் பிரிவிடம் நேரில் சொல்லுங்கள், அவர்களுக்கு உடனே புரியும்.

இரண்டு கணக்கெடுப்பு அவகாசம் கேளுங்கள். இடையில் வேறு எதையும் மாற்றாதீர்கள், மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போகும். விளம்பர இடைவேளையை நகர்த்துவதைக்கூட அதன் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கை வந்ததும் மொத்த ஷேரை ஓரமாக வைத்துவிட்டு, பகல் 10 முதல் 3 வரையிலான கேட்பு நேரத்தை மட்டும் முதலில் இங்கே எழுதுங்கள்.