தண்ணீரில் ஏது தடம்? – பாய்மரப் படகும் 'டிராக்கிங்'கும்

அனைவருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்புக்கு ஒரு பாடத்தாள் எழுதுகிறேன், திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. எங்கள் புதுவைக்காரர் ரூபா அழகிரிசாமியும் தில்னாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து தாரிணி என்ற கடற்படைப் பாய்மரப் படகில் கிளம்பி, இரண்டே பேராக உலகைச் சுற்றிவிட்டு 2025 மே 29 அன்று திரும்பினார்களே, அதுதான் பாடம். "அந்த மாதிரிப் படகை வீட்டிலிருந்து போனில் பார்க்கலாமா மிஸ்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். பார்க்கலாம். கரையோரம் என்றால் படகிலுள்ள கைபேசியே இருக்கும் இடத்தை டவர் வழியாக அனுப்பிவிடும், சில கிலோமீட்டர் தாண்டினால் சிக்னல் போய்விடும், அப்புறம் படகின் இடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏஐஎஸ் என்கிற ரேடியோ, நடுக்கடலில் செயற்கைக்கோள். இப்படிப் பார்ப்பதைத்தான் டிராக்கிங் என்கிறார்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தமிழில் 'தடமறிதல்' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

———

அம்மா, 'தடம்' வேண்டாம். காலோ சக்கரமோ மண்ணில் பதிப்பதுதான் தடம், தண்ணீரில் ஏது? வள்ளுவர் 496ஆம் குறளில் கடலில் ஓடாத தேரையும் நிலத்தில் ஓடாத நாவாயையும் பிரித்தே வைத்திருக்கிறார். தடம் தேரின் சொத்து. 'தடவும் கயவும் நளியும் பெருமை' என்ற தொல்காப்பிய உரியியலை நினைத்தால், அங்கே தட என்றாலே பெருமை, தடம் இன்னும் தூரம் போய்விடும், அதைத் தனி மடலில் எழுதுகிறேன். கணித்துச் சொல்வதற்கு நம்மிடம் 'கணி' இருக்கிறது, கணிக்கிறவனுக்குக் கணியன் இருக்கிறான். (கணிதம் வடசொல் என்று கிளம்புவோருக்கும் அந்தத் தனி மடலிலேயே பதில்.) குமரிக் கரையில் மீனவர்கள் மலையையும் கோபுரத்தையும் வைத்து இடம் பார்ப்பதைக் கணியம் என்கிறார்கள். 'நாவாய்க் கணியம்' என்று வையுங்கள்.

———

ஐயா, நான் குமரிக்காரன், கணியம் எங்கள் வீட்டுச் சொல். ஆனால் அது கடலில் இருக்கிறவன் கரையைப் பார்த்துத் தன் இடத்தைத் தெரிந்துகொள்வது. இங்கே கரையில் இருக்கிறவன் கடலைப் பார்க்கிறான். நேர் தலைகீழ்.

இன்னொன்று, படகை யாரும் பின்னாலேயே போய்ப் பார்ப்பதில்லை. படகுதான் சொல்லிக்கொண்டே போகிறது. சிறு படகுகளில் வைக்கிற சாதாரண பி வகை ஏஐஎஸ் வெறும் 2 வாட்டில், ஓடும்போது 30 விநாடிக்கு ஒருமுறை, தன் ஒன்பது இலக்க அடையாள எண், இடம், வேகம், திசை எல்லாவற்றையும் 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸில் சொல்லும், பெயரையும் அவ்வப்போது சொல்லும். கரையில் ஆன்டெனா வைத்திருக்கிற யாரோ ஒரு தன்னார்வலர் அதைக் கேட்டு இணையத்துக்கு அனுப்பினால்தான் நம் போனில் புள்ளி தெரியும். கேட்க ஆள் இல்லாத கரையென்றால் புள்ளி அப்படியே நின்றுவிடும், படகு பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். என் தம்பி போன படகு ஆறு மணி நேரம் ஒரே புள்ளியில் நின்றதைப் பார்த்து எங்கள் அத்தை அழுதேவிட்டார், அவன் மறுநாள் சிரித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். அதனால் சொல்கிறேன், அறிவது நாம் இல்லை, அறிவிப்பது படகு. பிறவினையில் 'இடமறிவிப்பு' என்று வையுங்கள். நாவாயும் வேண்டாம், அது பெரிய கப்பல், தாரிணி 56 அடிதான். பாய்மரப் படகு என்றால் பிள்ளைகளுக்குப் புரியும்.

———

பிள்ளைகள் அதை இட–மறிவிப்பு என்று பிரித்துப் படிப்பார்கள். மறித்தல் என்றால் தடுத்தல், பொருளே கவிழ்ந்துவிடும். அறிவிப்பது படகு என்பதை ஏற்கிறேன், சொல்லை ஏற்க முடியவில்லை.

———

டிராக்கிங் என்றே போடலாமே? உணவு ஆர்டர் செய்கிற வீட்டில் எல்லாம் தெரிந்த சொல். கணியம் என்று இணையத்தில் தேடினால் கட்டற்ற மென்பொருள் இதழ்தான் வரும்.

———

அச்சகத்தில் கேட்டுவிட்டார்கள், இனிக் காத்திருக்க முடியாது. படகு செய்வதற்கு 'இட அறிவிப்பு' என்று பிரித்தே போட்டுவிட்டேன், நாம் வீட்டிலிருந்து பார்ப்பதற்குப் 'பின்தொடர்தல்'. அடைப்புக்குள் ஒருமுறை டிராக்கிங். கணியத்துக்குத் தனிப் பெட்டி, மலையும் கோபுரமும் படம் போட்டு. குமரி அண்ணனுக்கு நன்றி, அத்தை கதையையும் கேட்டு வாங்கிப் போட்டிருக்கிறேன்.

———

பெட்டிக்கு நன்றி அம்மா. நாவாயை மட்டும் விட்டுவிட்டீர்கள். புறநானூறு 66இல் நாவாய் ஓட்டிக் காற்றையே வேலை வாங்கியவன் என்றுதானே வெண்ணிக் குயத்தியார் கரிகாலன் முன்னோனைப் பாடினார்? அதுவும் பாய் விரித்த கலம்தான். அடுத்த பதிப்பிலாவது பாருங்கள்.