பொருள்: எம்டிஏ-வுக்குத் தமிழ்ச்சொல்: அஞ்சல் கடத்தியா, அஞ்சல் செலுத்தியா?

அனைவருக்கும் வணக்கம். மின்னஞ்சல் வழங்கி (சர்வர்) நிறுவல் கையேட்டுக்கான தமிழ்ச்சொற்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன். எம்டிஏ (mail transfer agent) என்பது மடலை ஒரு வழங்கியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசேர்க்கும் நிரல்.

> போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட், மெயில்கவ் எல்லாமே மின்னஞ்சல் வழங்கிகள்தாமே? ஒரு சொல் போதாதா?

போதாது ஐயா. சொந்தமாக மின்னஞ்சல் வழங்கி அமைக்க வருபவர்கள் "போஸ்ட்ஃபிக்ஸா, மெயில்கவ்வா?" என்று தடுமாறுவதே அந்த ஒற்றைச் சொல்லால்தான். மெயில்கவ்வுக்குள்ளேயே போஸ்ட்ஃபிக்ஸ் இருக்கிறது. டவ்காட்டும் எரிதம் (ஸ்பாம்) வடிகட்டும் ஆர்ஸ்பாம்டியும் உடன் இருக்கின்றன. மெயில்-இன்-எ-பாக்ஸ், ஐரெட்மெயில் இரண்டிலும் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் இணைதான். உறுப்புகளைத் தாமே பொருத்திக்கொள்வதா, பொருத்தி வைத்ததை எடுத்துக்கொள்வதா என்பதைத்தான் அவர்கள் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அதைத் தெளிவாகக் கேட்கவே மூன்று சொற்கள் தேவைப்படுகின்றன.

மடல்களைச் சேமித்து, ஐமேப் என்ற நெறிமுறை வழியாகக் கணினிக்கும் கைப்பேசிக்கும் தரும் டவ்காட் 'அஞ்சல் வைப்பகம்'. மெயில்கவ் போன்றவை 'வழங்கித் தொகுப்பு'. இவற்றில் எனக்குப் பெரிய தயக்கம் இல்லை. போஸ்ட்ஃபிக்ஸ், எக்ஸிம் போன்ற எம்டிஏ வகைக்குத்தான் சிக்கல்.

> மின்கடத்தி என்பது எல்லோரும் அறிந்த சொல். அதே வழியில் 'அஞ்சல் கடத்தி' என்றால் என்ன?

மின்கடத்திக்குத் தன்னுள் பாய்வதன் மேல் எந்தப் பொறுப்பும் இல்லை. போஸ்ட்ஃபிக்ஸுக்கு உண்டு. எதிர்முனை வழங்கி 250 என்ற குறியீட்டால் ஏற்றுக்கொள்ளும்வரை மடலுக்கு அதுவே பொறுப்பு. எதிர்முனை செயலிழந்து கிடந்தால் மடலை வரிசையில் வைத்து மீண்டும் மீண்டும் முயலும். அமைப்பை நாம் மாற்றாவிட்டால் 5 நாள் வரை முயன்று, பிறகு சேர்க்க முடியவில்லை என்று அனுப்பியவருக்கு எழுதும். இந்த விடாமுயற்சியைச் சொல்லாத சொல் எனக்கு நிறைவு தரவில்லை. எனவே 'அஞ்சல் செலுத்தி' என்பதையே முன்மொழிகிறேன்.

> செலுத்தி என்றால் அனுப்புவது மட்டும்தானே? 25ஆம் போர்ட்டில் வரும் மடலை வாங்குவதும் அதன் வேலை.

வாங்கிய மடலும் வைப்பகத்துக்கோ அடுத்த வழங்கிக்கோ செலுத்தப்படத்தான் போகிறது. வாங்குவது அதற்கான முதற்படி என்றே கொள்கிறேன்.

ஸ்டால்வார்ட் இந்தப் பிரிவுக்குள் அடங்காது என்று அம்மையார் ஒருவர் எழுதியிருந்தது மிகச் சரி. ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட அந்த ஒரே நிரல் இரு வேலைகளையும் செய்கிறது. அதைச் 'செலுத்தியும் வைப்பகமும் ஒன்றான வழங்கி' என்று விரித்தே எழுதலாம், புதுச்சொல் வேண்டியதில்லை.

நிறுவல் கையேட்டை இச்சொற்களோடு திருத்தத் தொடங்குகிறேன். 'வைப்பகம்' வங்கியை நினைவூட்டுகிறது என்று கருதுபவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.

அன்புடன்.