புதுப்பிப்பு: காகிதத் தட்டுத் தர்பூசணி, விதை எண்ணும் விளையாட்டு

முன்பு இந்த இழையில் எழுதியது: காகிதத் தட்டைப் பாதியாக வெட்டி, ஓரத்தில் பச்சை, நடுவில் சிவப்பு பூசி, 1 முதல் 10 வரை விதை ஒட்டும் தர்பூசணி. அதில் சில திருத்தங்கள்.

பலருக்கும் தட்டு சுருண்டுவிடக் காரணம் வண்ணத்தில் கலக்கும் தண்ணீர். ஒரு பக்கம் மட்டும் ஈரத்தில் விரிந்து, காயும்போது வளைகிறது. கெட்டி வண்ணத்தை ஒரே பூச்சாகத் தடவி, காய்ந்தபின் வெட்டுங்கள். பளபளப்பான மெழுகுப் பூச்சுத் தட்டு வேண்டாம், வண்ணம் பிடிக்காது. அவசரமென்றால் க்ரேயானே போதும்.

விதைக்குப் பட்டன், பாசிமணி என்று சொல்லியிருந்தேன். 3 வயதுக்குக் கீழே அது கூடவே கூடாது, தொண்டையில் சிக்கும். கறுப்பு வண்ணத்தில் விரல் நுனியைத் தொட்டு வைத்தால் விதை ஆயிற்று.

பெரிய பிள்ளைகளுக்கு விதையை ஒட்டவே வேண்டாம். ஒட்டினால் ஒரே ஆட்டத்தோடு முடிந்தது. 2 செ.மீ. கறுப்பு அட்டை வட்டங்கள், ஆளுக்கு 10. பகடையில் விழுந்த எண்ணுக்கு விதை வைக்க வேண்டும், முதலில் 10 நிரப்பியவருக்கு வெற்றி. கடைசி வீச்சு சரியாக விழ வேண்டும் என்ற விதியை விட்டுவிடுங்கள், ஆட்டம் இழுக்கும்.

விதைகள் சிதறிக் கிடந்தால் ஒன்றையே இருமுறை எண்ணுவார்கள். ஐந்தைந்தாக இரண்டு வரிசை வைத்து, எண்ணியதை நகர்த்தச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்றால் மறுபடி 1 இலிருந்து தொடங்குகிறார்களா? கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. அப்போது 5 விதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.